ஐ.பி. முகவரியும் சுவிட்ச் வழிச்செலுத்தலும்

ஐ.பி. முகவரி என்பது ஒரு கணினிப் பிணையத்தில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் வழங்கப்படும் எண் முகவரி ஆகும். ஒரு பிணையத்திலிருந்து மற்றொரு பிணையத்துக்குத் தரவை அனுப்பும் பணி வழிச்செலுத்தல் எனப்படுகிறது. இப்பணியைச் செய்யும் தனிக் கருவி ரவுட்டர். தமிழில் திசைவி என்பர். ஒரே பிணையத்துக்குள் கருவிகளை இணைப்பது சுவிட்ச். இரண்டு வேலைகளையும் ஒருசேரச் செய்யும் சுவிட்சுகளும் உண்டு. அவை மூன்றாம் அடுக்கு சுவிட்சுகள் எனப்படுகின்றன.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு தொழிற்கூடங்கள், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தின் கல்லூரிகள், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றில் இன்று இக்கருவிகள் இல்லாத இடம் அரிது. "நெட்வொர்க் வேலை செய்யவில்லை" என்றவுடன் கேபிளையோ சுவிட்சையோ மாற்றுவது பலரது வழக்கம். ஆனால் கருவியில் பதிந்துள்ள மூன்று எண்களே பல வேளைகளில் பழுதுக்குக் காரணமாக இருக்கின்றன. முகவரி, சப்நெட் மாஸ்க், நுழைவாயில் ஆகியவையே அம்மூன்று. இவை எப்படி ஒன்றோடொன்று இணைந்து செயற்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அஞ்சல் குறியீட்டு எண்: ஓர் ஒப்புமை

இந்தியாவில் அஞ்சல் குறியீட்டு எண் முறை 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அம்பத்தூரின் எண் 600053, ஆவடியின் எண் 600054, பூந்தமல்லியின் எண் 600056. இந்த ஆறு இலக்கங்களும் இரண்டு பகுதிகளாக வேலை செய்கின்றன. முதல் மூன்று இலக்கங்கள் கடிதம் எந்த வரிசைப்படுத்தும் மாவட்டத்துக்குச் செல்ல வேண்டும் என்பதைக் காட்டுகின்றன. கடைசி மூன்று இலக்கங்கள் எந்த அஞ்சலகம் அதை வழங்க வேண்டும் என்பதைக் காட்டுகின்றன.

மதுரையில் அஞ்சல்களைப் பிரிக்கும் ஊழியர் 600 என்ற பகுதியைப் பார்த்தால் போதும். கடிதத்தைச் சென்னைப் பைக்குள் போட்டுவிடுவார். 053 என்பது அம்பத்தூரா, ஆவடியா என்று அவர் அறிய வேண்டியதில்லை. சென்னைக்கு வந்த பிறகே பின்பகுதி தேவைப்படுகிறது. நாட்டிலுள்ள எல்லாத் தெருக்களையும் யாரும் மனப்பாடம் செய்யாமலேயே கடிதம் போய்ச் சேர்வது இதனால்தான்.

ஐ.பி. முகவரியும் இதே கொள்கையில் அமைந்தது. அதன் முன்பகுதி எந்தப் பிணையம் என்பதையும், பின்பகுதி அப்பிணையத்தில் எந்தக் கருவி என்பதையும் குறிக்கும். ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அஞ்சல் எண்ணில் முன்பகுதி எப்போதும் மூன்று இலக்கம். ஐ.பி. முகவரியில் முன்பகுதி எங்கே முடிகிறது என்பது பிணையத்துக்குப் பிணையம் மாறும். அந்த எல்லைக்கோட்டைச் சொல்லும் எண்ணே சப்நெட் மாஸ்க்.

முகவரியின் அமைப்பு

பெருவழக்கில் உள்ள ஐ.பி. நான்காம் பதிப்பு 1981 செப்டம்பரில் வரையறுக்கப்பட்டது. இதில் ஒரு முகவரி 32 பிட்களைக் கொண்டது. பிட் என்பது 0 அல்லது 1. இந்த 32 பிட்களையும் எட்டெட்டாக நான்கு பகுதிகளாக்கி, ஒவ்வொன்றையும் பதின்ம எண்ணாக எழுதி, இடையில் புள்ளி வைப்பது மரபு. எட்டு பிட்களால் 0 முதல் 255 வரை எழுதலாம். ஆகவே 192.168.53.20 என்பது சரியான முகவரி, 192.168.53.260 என்பது முகவரியே அல்ல.

சப்நெட் மாஸ்க்கும் 32 பிட் எண்தான். அதில் தொடக்கத்தில் தொடர்ச்சியாக 1-களும், அதன் பின் தொடர்ச்சியாக 0-களும் இருக்கும். 1 உள்ள இடம் பிணையப் பகுதி. 0 உள்ள இடம் கருவிப் பகுதி. 255.255.255.0 என்ற மாஸ்க்கில் முதல் 24 பிட்களும் 1. இதைச் சுருக்கமாக /24 என்று எழுதுவர். 255.255.255.192 என்பதில் முதல் 26 பிட்கள் 1. எனவே அது /26.

1993-க்கு முன் முகவரிகள் ஏ, பி, சி என்ற வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, எல்லைக்கோடு 8, 16, 24 ஆகிய பிட்களில் மட்டுமே விழுந்தது. 300 கருவிகள் உள்ள நிறுவனத்துக்குச் சி வகுப்பு போதாது. பி வகுப்பு வாங்கினால் 65,000-க்கும் மேற்பட்ட முகவரிகள் வீணாகும். இந்த வீணடிப்பைத் தடுக்கவே எல்லைக்கோட்டை எந்த பிட்டிலும் போடலாம் என்ற வகுப்பில்லா முறை வந்தது. பழைய பாடநூல்களில் இன்னும் வகுப்புகள் இருந்தாலும், இன்றைய கருவிகள் மாஸ்க்கை மட்டுமே பார்க்கின்றன.

மாக் முகவரியும் சுவிட்சும்

பிணையக் கருவிகளுக்கு இன்னொரு முகவரியும் உண்டு. அது மாக் முகவரி. 48 பிட் நீளமுள்ள இந்த எண் கருவி உற்பத்தியாகும்போதே பதியப்படுகிறது. இதை வண்டியின் சேஸிஸ் எண்ணுக்கு ஒப்பிடலாம். வண்டி எந்த ஊருக்குப் போனாலும் சேஸிஸ் எண் மாறாது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்று சொல்ல முடியாது. ஐ.பி. முகவரி வீட்டு முகவரி போன்றது. இடம் மாறினால் அதுவும் மாறும்.

இரண்டாம் அடுக்கில் இயங்கும் சாதாரண சுவிட்ச், தரவைக் கடத்தும்போது மாக் முகவரியை மட்டுமே பார்க்கிறது. அதன் வேலை முறை பின்வருமாறு:

1. ஒரு போர்ட் வழியாகச் சட்டகம் வந்தால், அனுப்பியவரின் மாக் முகவரியையும் அந்தப் போர்ட் எண்ணையும் தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும்.
2. பெறுநரின் மாக் முகவரி அட்டவணையில் இருந்தால், அதற்குரிய போர்ட்டில் மட்டும் அனுப்பும்.
3. அட்டவணையில் இல்லாவிட்டால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்களிலும் அனுப்பும்.
4. நெடுநேரம் எதுவும் அனுப்பாத கருவியின் பதிவை நீக்கிவிடும். பல சுவிட்சுகளில் இந்தக் கால அளவு 300 வினாடி.

இந்த நான்கு வரிகளில் ஐ.பி. முகவரிக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அப்படியானால் சாதாரண சுவிட்சுக்கும் ஓர் ஐ.பி. முகவரி கொடுக்கப்படுவது ஏன் என்ற ஐயம் மாணவர்களுக்கு எழுவது இயல்பு. அது நிர்வாகத்துக்கானது மட்டுமே. தொலைவிலிருந்து சுவிட்சுக்குள் நுழைந்து அமைப்புகளை மாற்ற அது உதவும். முகவரி இருப்பதால் மட்டும் சுவிட்ச் வழிச்செலுத்தலைச் செய்யாது.

அனுப்பும் கருவியே எடுக்கும் முடிவு

ஒரு கணினி மற்றொரு கருவிக்குத் தரவை அனுப்பும் முன், பெறுநர் தன் பிணையத்திலேயே இருக்கிறாரா, வெளியில் இருக்கிறாரா என்ற கேள்விக்கு விடை காண்கிறது. இதைத் தீர்மானிப்பது சுவிட்ச் அல்ல, அனுப்பும் கணினிதான்.

கணினி தன் முகவரியையும் பெறுநர் முகவரியையும் தன் மாஸ்க்குடன் பிட் பிட்டாக ஒப்பிட்டு, இரண்டின் பிணையப் பகுதிகளையும் தனியே எடுக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் பெறுநர் உள்ளூர். வேறாக இருந்தால் வெளியூர்.

பெறுநர் உள்ளூர் என்றால், "இந்த ஐ.பி. முகவரி யாருடையது? உங்கள் மாக் முகவரியைச் சொல்லுங்கள்" என்று பிணையம் முழுவதற்கும் ஓர் அறிவிப்பை அனுப்புகிறது. 1982-இல் வரையறுக்கப்பட்ட இந்நெறிமுறை ஏ.ஆர்.பி. எனப்படுகிறது. உரிய கருவி மட்டும் பதில் தரும். அதன் பின் தரவு நேராக அதற்குச் செல்லும்.

வெளியூர் என்றால், பெறுநரின் மாக் முகவரியைக் கேட்பதில் பயனில்லை. கணினி தனக்குக் குறிப்பிடப்பட்டுள்ள நுழைவாயிலின் மாக் முகவரியைக் கேட்டு, தரவை அதனிடம் ஒப்படைக்கிறது. இந்த நுழைவாயிலையே தொழிலில் டிஃபால்ட் கேட்வே என்கின்றனர். அது ரவுட்டராகவோ மூன்றாம் அடுக்கு சுவிட்சாகவோ இருக்கலாம்.

எடுத்துக்காட்டு: ஒரு தொழிற்கூடத்தின் பிணையம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கற்பனைத் தொழிற்கூடத்தைக் கொள்ளலாம். அதற்கு ஆவடியில் ஒரு கிடங்கும், பூந்தமல்லியில் ஒரு விற்பனை அலுவலகமும் உள்ளன. நினைவில் நிற்க எளிதாக, அஞ்சல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை ஐ.பி. முகவரியின் மூன்றாம் பகுதியாக வைத்துக்கொள்ளலாம்.

அம்பத்தூர்: 192.168.53.0/24
ஆவடி: 192.168.54.0/24
பூந்தமல்லி: 192.168.56.0/24

அம்பத்தூர்க் கூடத்தில் அலுவலகக் கணினிகள், சி.என்.சி. இயந்திரங்கள், கண்காணிப்பு கேமராக்கள், வருவோருக்கான வைஃபை என நான்கு வகைக் கருவிகள் இருக்கின்றன. இவை அனைத்தும் ஒரே பிணையத்தில் இருந்தால் பல தொல்லைகள் நேரும். ஏ.ஆர்.பி. போன்ற அறிவிப்புகள் எல்லாக் கருவிகளையும் சென்றடையும். வாடிக்கையாளரின் மடிக்கணினியில் உள்ள வைரஸ் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கணினியை நேரடியாகத் தொடும். யாரோ ஒருவர் தம் கருவிக்கு இயந்திரத்தின் முகவரியையே தவறுதலாகக் கொடுத்துவிட்டால், நிரல் இறங்காமல் இயந்திரம் நிற்கும். நாள் கணக்கில் ஆர்டரை முடித்துக் கொடுக்கும் சிறு கூடத்துக்கு அரை நாள் இயந்திரம் நிற்பது சிறிய இழப்பு அல்ல.

எனவே 192.168.53.0/24 என்ற பிணையத்தை நான்காகப் பிரிக்கலாம். நான்கு பங்குக்கு இரண்டு பிட்கள் தேவை. ஆகவே எல்லைக்கோடு 24-இலிருந்து 26-க்கு நகர்கிறது; மாஸ்க் 255.255.255.192 ஆகிறது. மீதமுள்ள 6 பிட்களால் ஒவ்வொரு பங்கிலும் 64 எண்கள் கிடைக்கும். முதல் எண் பிணையத்தையே குறிக்கும். கடைசி எண் அனைவருக்குமான அறிவிப்புக்கு உரியது. எஞ்சிய 62 எண்களைக் கருவிகளுக்குத் தரலாம்.

அலுவலகம்: 192.168.53.0/26, கருவிகளுக்கு 1 முதல் 62 வரை
இயந்திரங்கள்: 192.168.53.64/26, கருவிகளுக்கு 65 முதல் 126 வரை
கேமராக்கள்: 192.168.53.128/26, கருவிகளுக்கு 129 முதல் 190 வரை
வருவோர் வைஃபை: 192.168.53.192/26, கருவிகளுக்கு 193 முதல் 254 வரை

விலேன்

முகவரியைப் பிரித்துவிட்டால் போதாது. நான்கு பங்கும் ஒரே சுவிட்சில் செருகப்பட்டிருந்தால், சுவிட்ச் ஐ.பி. முகவரியைப் பார்க்காததால், அறிவிப்புகள் எல்லாப் போர்ட்டுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கும். நான்கு தனிச் சுவிட்சுகள் வாங்குவது ஒரு வழி. ஒரே சுவிட்சை உள்ளுக்குள் நான்காகப் பிரிப்பது மற்றொரு வழி. இரண்டாம் வழியே விலேன்.

சுவிட்சின் 1 முதல் 8 வரையுள்ள போர்ட்கள் விலேன் 10, அடுத்த எட்டு போர்ட்கள் விலேன் 20 என்று அமைத்தால், இரண்டும் தனித்தனிச் சுவிட்சுகள் போலவே நடந்துகொள்ளும். இரண்டு சுவிட்சுகளுக்கு இடையே ஒரே கேபிளில் பல விலேன்களை அனுப்ப வேண்டுமானால், ஒவ்வொரு சட்டகத்திலும் விலேன் எண் கொண்ட ஒரு சிறு குறி சேர்க்கப்படுகிறது. இதற்கான தரம் 1998-இல் வெளியான 802.1 கியூ. விலேன் எண்ணுக்கு 12 பிட்கள் ஒதுக்கப்பட்டுள்ளதால், 1 முதல் 4094 வரையான எண்களைப் பயன்படுத்தலாம். இவ்வாறு பல விலேன்களைச் சுமக்கும் இணைப்பு டிரங்க் எனப்படுகிறது.

இங்கே அலுவலகம் விலேன் 10, இயந்திரங்கள் விலேன் 20, கேமராக்கள் விலேன் 30, வருவோர் வைஃபை விலேன் 40 எனக் கொள்ளலாம். ஒரு விலேனுக்கு ஒரு துணைப்பிணையம் என்பதே நடைமுறை விதி.

மூன்றாம் அடுக்கு சுவிட்ச்

பிரித்த பிறகு புதிய தேவை ஒன்று எழுகிறது. அலுவலகத்தில் வடிவமைத்த நிரல் இயந்திரத்துக்குப் போக வேண்டும். இரண்டும் இப்போது வெவ்வேறு பிணையங்கள். இவற்றுக்கு இடையே வழிச்செலுத்த ஒருவர் வேண்டும். தனி ரவுட்டர் ஒன்றை வைத்தும் இதைச் செய்யலாம். ஆனால் கூடத்துக்குள் நடக்கும் போக்குவரத்து முழுவதும் அந்த ஒரே கேபிளில் போய் வர நேரிடும். மூன்றாம் அடுக்கு சுவிட்ச் இவ்வேலையைத் தனக்குள்ளேயே, அதற்கென வடிவமைத்த சில்லுகளின் துணையால் விரைவாகச் செய்கிறது.

ஒவ்வொரு விலேனுக்கும் சுவிட்சுக்குள் ஓர் இடைமுகம் உருவாக்கப்பட்டு, அதற்கு ஓர் ஐ.பி. முகவரி தரப்படுகிறது. அந்த முகவரியே அந்த விலேனில் உள்ள கருவிகளுக்கு நுழைவாயில். இந்த எடுத்துக்காட்டில் அவை முறையே 192.168.53.1, 192.168.53.65, 192.168.53.129, 192.168.53.193. சில வகைச் சுவிட்சுகளில் வழிச்செலுத்தலைத் தனிக் கட்டளையால் இயக்க வேண்டும். சிஸ்கோ சுவிட்சுகளில் அக்கட்டளை "ஐபி ரவுட்டிங்". இது விடுபட்டால், முகவரிகள் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு விலேனிலிருந்து மற்றொன்றுக்குத் தரவு போகாது.

வழிச்செலுத்தல் இயங்கத் தொடங்கியதும் நான்கு விலேன்களும் ஒன்றையொன்று அடைய முடியும். அதாவது, வருவோர் வைஃபையிலிருந்து இயந்திரங்களுக்கும் வழி திறந்துவிடுகிறது. விலேன் பிரித்ததாலேயே பாதுகாப்பு வந்துவிட்டது என்று கருதுவது தவறு. விலேன் 40-இலிருந்து விலேன் 20-க்குச் செல்லும் தரவை மறுக்கும் அணுகல் விதியையும் சேர்த்து எழுத வேண்டும்.

வழித்தட அட்டவணை

வழிச்செலுத்தும் கருவி ஒவ்வொன்றும் ஓர் அட்டவணையை வைத்திருக்கும். எந்தப் பிணையத்துக்குச் செல்ல அடுத்து யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதே அதன் உள்ளடக்கம். முழுப் பாதையும் அதில் இருக்காது. அம்பத்தூர் சுவிட்சின் அட்டவணை இவ்வாறு அமையலாம்:

192.168.53.0/26: நேரடி இணைப்பு, விலேன் 10
192.168.53.64/26: நேரடி இணைப்பு, விலேன் 20
192.168.53.128/26: நேரடி இணைப்பு, விலேன் 30
192.168.53.192/26: நேரடி இணைப்பு, விலேன் 40
192.168.54.0/24: 10.0.0.2 வழியாக (ஆவடி ரவுட்டர்)
192.168.56.0/24: 10.0.0.6 வழியாக (பூந்தமல்லி ரவுட்டர்)
0.0.0.0/0: 10.0.0.10 வழியாக (இணைய ரவுட்டர்)

கடைசி வரிசை "மற்ற எல்லாம்" என்று பொருள்படும். உலகின் எந்த முகவரியும் அதற்குப் பொருந்தும். 192.168.54.9 என்ற முகவரி ஐந்தாம் வரிசைக்கும் பொருந்துகிறது, கடைசி வரிசைக்கும் பொருந்துகிறது. இத்தகைய வேளையில் பிணையப் பகுதி மிக நீளமாகப் பொருந்தும் வரிசையே தேர்ந்தெடுக்கப்படும். /24 என்பது /0-ஐ விட நீளமானது; எனவே தரவு ஆவடிக்குச் செல்லும். வரிசைகள் எந்த ஒழுங்கில் எழுதப்பட்டுள்ளன என்பது பொருட்டல்ல.

நேரடியாக இணைந்த பிணையங்களை சுவிட்ச் தானே அறியும். ஆவடி, பூந்தமல்லி வரிசைகளைக் கையால் எழுதலாம். இது நிலையான வழித்தடம் எனப்படும். மூன்று கிளைகளுக்கு இதுவே போதும். கிளைகள் பெருகினால், ரவுட்டர்கள் தமக்குள் பேசி அட்டவணையைத் தாமே நிரப்பிக்கொள்ளும் ஓ.எஸ்.பி.எஃப். போன்ற நெறிமுறைகள் பயன்படுகின்றன. நிறுவனங்களின் பிணையங்களுக்கு இடையே, உலக அளவில் இவ்வேலையைச் செய்வது பி.ஜி.பி. என்ற நெறிமுறை.

நிலையான வழித்தடம் எழுதுவோர் மறக்கும் செய்தி ஒன்று உண்டு. போகும் வழியை எழுதினால் வரும் வழி தானே வராது. 192.168.53.0/24-க்குச் செல்ல அம்பத்தூர் வழியாக வா என்ற வரிசை ஆவடி ரவுட்டரிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அம்பத்தூரின் கேள்வி ஆவடிக்குப் போய்ச் சேரும். பதில் மட்டும் வராது.

ஒரு பொட்டலத்தின் பயணம்

அலுவலகக் கணினி 192.168.53.20, இயந்திரம் 192.168.53.70-க்கு நிரலை அனுப்புவதாகக் கொள்ளலாம். மாஸ்க் 255.255.255.192. எண் 20 இரும முறையில் 00010100. அதன் முதல் இரண்டு பிட்கள் 00. எண் 70 இரும முறையில் 01000110. அதன் முதல் இரண்டு பிட்கள் 01. இவை வேறானவை, ஆகவே பெறுநர் வெளியூர்.

கணினி 192.168.53.1-இன் மாக் முகவரியை ஏ.ஆர்.பி. மூலம் அறிந்து, அந்த மாக் முகவரியிட்ட சட்டகத்தில் பொட்டலத்தை வைத்து அனுப்புகிறது. பொட்டலத்தின் மேல் பெறுநர் ஐ.பி. முகவரி 192.168.53.70 என்றே இருக்கும். சுவிட்ச் சட்டகத்தைப் பிரித்து, அட்டவணையைப் பார்த்து, விலேன் 20 என அறிகிறது. அங்கே 70-இன் மாக் முகவரியைக் கேட்டறிந்து, பொட்டலத்தைப் புதிய சட்டகத்தில் வைத்து அனுப்புகிறது. பொட்டலத்தின் ஆயுள் எண் இதற்குள் ஒன்று குறைக்கப்படும். தவறான அட்டவணையால் பொட்டலம் சுற்றிக்கொண்டே இருந்தால், அந்த எண் பூச்சியமாகும்போது அது கைவிடப்படும்.

பூந்தமல்லியிலிருந்து பேருந்தில் ஆவடிக்கு வந்து, அங்கிருந்து புறநகர் ரயிலில் அம்பத்தூர் செல்லும் பயணிக்கு வண்டி மாறுகிறது; போகும் ஊர் மாறுவதில்லை. அதுபோலவே சட்டகமும் மாக் முகவரியும் ஒவ்வொரு கட்டத்திலும் மாறுகின்றன, பெறுநரின் ஐ.பி. முகவரி வழிநெடுக அப்படியே இருக்கிறது.

வழக்கமான பிழைகளும் கண்டறியும் முறையும்

மேற்கண்ட அலுவலகக் கணினியில் மாஸ்க்கை 255.255.255.192 என்பதற்குப் பதிலாக 255.255.255.0 என்று ஒருவர் பதிந்துவிட்டதாகக் கொள்ளலாம். இப்போது 20-உம் 70-உம் ஒரே பிணையம் என்று கணினி முடிவு செய்யும். நுழைவாயிலை அணுகாமல், 70 யார் என்று விலேன் 10-க்குள் கேட்கும். இயந்திரம் விலேன் 20-இல் இருப்பதால் பதில் வராது. ஆனால் ஆவடிக் கிடங்கின் 192.168.54.9 வேறு பிணையம் என்று சரியாகவே முடிவு செய்து, நுழைவாயிலுக்கு அனுப்பும். விளைவாக, பல கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிடங்கு கிடைக்கும். சுவருக்கு அப்பால் உள்ள இயந்திரம் கிடைக்காது. இணையமும் வேலை செய்யும். பார்ப்பவர் இயந்திரத்தின் கேபிளையே சந்தேகிப்பார். சில சுவிட்சுகளில் ப்ராக்ஸி ஏ.ஆர்.பி. என்ற வசதி இயங்கினால், சுவிட்சே இயந்திரத்துக்காகப் பதில் சொல்லி, இந்தப் பிழையை வெளியே தெரியாமல் மறைத்துவிடும். பின்னாளில் சுவிட்சை மாற்றும்போது பிழை திடீரென்று தலைகாட்டும்.

பிழைகளைப் பின்வரும் ஒழுங்கில் தேடலாம்:

1. கருவியின் முகவரி, மாஸ்க், நுழைவாயில் ஆகிய மூன்றையும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் கணினியில் "ஐபிகான்ஃபிக்" கட்டளை இவற்றைக் காட்டும்.
2. முகவரி 169.254 என்று தொடங்கினால், தானாக முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சேவையிலிருந்து பதில் வரவில்லை என்று பொருள். சேவை நின்றிருக்கலாம், அல்லது போர்ட் தவறான விலேனில் இருக்கலாம்.
3. நுழைவாயிலுக்கு "பிங்" செய்து பார்க்க வேண்டும். பதில் வந்தால் கேபிள், போர்ட், விலேன் ஆகியவை பெரும்பாலும் சரி.
4. அதே சுவிட்சின் மற்றொரு விலேன் நுழைவாயிலுக்குப் பிங் செய்ய வேண்டும்.
5. கடைசியாகப் பெறுநருக்குப் பிங் செய்ய வேண்டும்.

விண்டோஸ் தரும் விடைகளையும் கவனித்துப் படிக்க வேண்டும். தன் சொந்த முகவரியிலிருந்தே "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று வந்தால், பெரும்பாலும் ஏ.ஆர்.பி.-க்குப் பதில் கிடைக்கவில்லை. "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்று வந்தால், கேள்வி புறப்பட்டுப் போனது, பதில் திரும்பவில்லை. திரும்பும் வழித்தடம் இல்லாமை, தீச்சுவர் எனப்படும் ஃபயர்வால் தடை ஆகியவை இதற்குப் பொதுவான காரணங்கள்.

தனி முகவரியும் பொது முகவரியும்

32 பிட்களால் கிடைப்பவை சுமார் 429 கோடி முகவரிகள். உலக மக்கள்தொகைக்கே இது போதாது. முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் உலக அமைப்பு தன் இருப்பின் கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரி 3 அன்று வட்டாரப் பதிவகங்களுக்கு வழங்கி முடித்தது. இந்தியாவில் முகவரிகளை ஒதுக்குவது நிக்சி அமைப்பின் கீழ் உள்ள ஐ.ஆர்.ஐ.என்.என். பதிவகம்.

தட்டுப்பாட்டைச் சமாளிக்க மூன்று தொகுதிகள் எவரும் உள்ளே பயன்படுத்திக்கொள்ளலாம் என 1996-இல் வரையறுக்கப்பட்டன. 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகியவையே அவை. இவை தனி முகவரிகள், இணையத்தில் செல்லாது. வெளியே போகும்போது ரவுட்டர் தனி முகவரியைப் பொது முகவரியாக மாற்றுகிறது. இதற்கு நாட் என்று பெயர். பல இணையச் சேவையாளர்கள் வாடிக்கையாளருக்கும் பொது முகவரி தராமல், தம் பிணையத்துக்குள் மீண்டும் ஒருமுறை நாட் செய்கின்றனர். இதற்கென 100.64.0.0/10 ஒதுக்கப்பட்டுள்ளது. ரவுட்டரின் வெளிப்புற முகவரி 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்களில் தொடங்கினால், வெளியிலிருந்து கூடத்தின் கேமராவை நேரடியாக அடைய முடியாது. கேமராவிலோ சுவிட்சிலோ எந்த அமைப்பை மாற்றினாலும் பயனில்லை. சேவையாளரிடம் நிலையான பொது முகவரி கேட்டுப் பெற வேண்டும்.

நிலையான தீர்வு 128 பிட் முகவரிகள் கொண்ட ஐ.பி. ஆறாம் பதிப்பு. கைப்பேசி நிறுவனங்கள் இதனைப் பெரிய அளவில் ஏற்றதால், இந்தியாவில் இணையம் பயன்படுத்துவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்பதிப்பு வழியாகவும் இணையக்கூடிய நிலையில் உள்ளனர். ஆயினும் தொழிற்கூடங்களின் உட்பிணையங்களில் நான்காம் பதிப்பே பெரிதும் நிலவுகிறது.

சென்னை மேற்குப் புறநகரும் இணையமும்

இந்தியக் கல்வி நிறுவனங்களை இணைத்த எர்நெட் திட்டம் 1986-இல் தொடங்கியபோது, சென்னை ஐ.ஐ.டி. அதில் பங்கேற்ற நிறுவனங்களுள் ஒன்று. பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. முதலில் சேவை பெற்ற நகரங்களுள் அப்போதைய மதராஸும் அடங்கும். அஞ்சல் குறியீட்டு எண் வந்து சரியாக 23 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே நாளில் இது நிகழ்ந்தது.

1960-களில் இயந்திரத் தொழிலுக்காக உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பகுதி, அண்மைக் காலத்தில் தரவு மையங்களின் இடமாகவும் மாறியுள்ளது. என்.டி.டி. நிறுவனத்தின் சென்னை 2 வளாகம் 2023-இலும், டிஜிட்டல் கனெக்ஷன் நிறுவனத்தின் முதல் வளாகம் 2024-இலும் அம்பத்தூரில் திறக்கப்பட்டன. கடலடிக் கேபிள்கள் கரையேறும் நகரமாகச் சென்னை இருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இத்தகைய மையங்களில் சுவிட்சுகள் எண்ணிக்கையிலும் வேகத்திலும் பன்மடங்கு பெரியவை. ஆனால் உள்ளூரா, வெளியூரா என்று மாஸ்க்கைக் கொண்டு முடிவெடுப்பதும், மிக நீளமாகப் பொருந்தும் வரிசையைத் தேர்வதும் அங்கும் இதே முறையில்தான் நடைபெறுகின்றன.

பயிற்சி வினாக்கள்

1. மாஸ்க் /26 எனில், 192.168.53.60-உம் 192.168.53.66-உம் ஒரே பிணையமா?
2. அதே மாஸ்க்கில் 192.168.53.130-உம் 192.168.53.190-உம் ஒரே பிணையமா?
3. /27 பிணையத்தில் எத்தனை கருவிகளுக்கு முகவரி தரலாம்?
4. மேலே உள்ள அட்டவணைப்படி 192.168.55.9-க்கான பொட்டலம் எங்கே செல்லும்?

விடைகள்

1. இல்லை. முதலாவது 0-இல் தொடங்கும் பங்கு. இரண்டாவது 64-இல் தொடங்கும் பங்கு. எண்கள் அருகருகே இருப்பது பிணையத்தைத் தீர்மானிப்பதில்லை.
2. ஆம். இரண்டும் 128-இல் தொடங்கும் பங்கு.
3. 30. மீதமுள்ள 5 பிட்களால் 32 எண்கள் கிடைக்கும். முதலும் கடைசியும் கழியும்.
4. 55-க்கு எனத் தனி வரிசை இல்லாததால் கடைசி வரிசைப்படி இணைய ரவுட்டருக்குச் செல்லும். அது தனி முகவரி என்பதால் இணையத்தில் சேருமிடமின்றிக் கைவிடப்படும்.